ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸும் பறக்குந் தவளையும்

போர்னியோத் தீவின் பெருங்காடுகளில் மர உச்சியில் வாழுந் தவளை ஒன்று உண்டு. அதன் உடல் ஏறக்குறைய நான்கங்குல நீளம், முதுகு ஒளி வீசும் பச்சை, அடிப்புறம் மஞ்சள். நான்கு பாதங்களிலும் விரல்கள் அகன்ற சவ்வினால் இணைக்கப்பட்டிருக்கும். அச்சவ்வு கருநிறமும் மஞ்சட் கோடுகளும் உடையது. கிளையினின்று தாவுங்கால் இத்தவளை நான்கு பாதங்களையும் நான்கு குடைகள்போல் விரித்துக் காற்றில் சாய்வாக மிதந்து இறங்கும். இதனை வாலேஸின் பறக்குந் தவளை என்று உலகம் அழைக்கின்றது. ஆயினும் இது பறந்து வந்ததைக் கண்டு சொன்னவர் வாலேஸ் அல்லர். இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டவரும் அவரல்லர். அங்ஙனமாயின் அவர் பெயர் இதற்கு வழங்குவதன் பொருத்தம் யாது? இதற்கு விடை கூற வேண்டின் அவர்தம் வாழ்க்கையை ஒருவாறு சொல்லியே தீர வேண்டும். அதனையே யாம் ஈண்டுச் செய்யப் புகுகின்றோம். டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பெயராகவே நம் மாணவர்கள் வாலேஸை அறிந்திருப்பர். பாடநூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரியே. அவ்வொரு வரி போதாது என்பது எமது கருத்து.

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8ஆம் நாள் வேல்ஸ் நாட்டு எல்லையிலுள்ள அஸ்க் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பெற்றோர்க்கு ஒன்பது மக்கள், இவர் எட்டாமவர். தந்தையார் நல்லவர், ஆனால் கைப்பொருளைக் காக்கும் வகை அறியாதவர். குடும்பம் படிப்படியாக வறுமையுற்றமையின், பதினான்கு வயது நிரம்புமுன்னரே வாலேஸின் பள்ளிப்படிப்பு முடிந்தது. அதன்பின் அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றாரல்லர். மூத்த தமையனாருள் ஒருவராகிய வில்லியம் நில அளவைத் தொழில் செய்து வந்தார். அவருக்குத் துணையாகச் சங்கிலி பிடித்து ஊரூராக நடப்பதே இளைஞருக்குத் தொழிலாயிற்று. இத்தொழிலை எளியதென்று தள்ளலாகாது. ஒரு நிலத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று அளந்து வரைபடத்திற் குறிக்கும் பழக்கம் அவருக்கு இங்கேயே அமைந்தது. பிற்காலத்தில் விலங்குகளின் எல்லைகளை வரைந்ததும் இதே கைதான்.

1844இல் அவர் லெஸ்டர் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தார். அவ்வூரில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்புக் கிடைத்தது. பேட்ஸ் வண்டு சேர்ப்பவர். ஒரே ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான வண்டு வகைகள் உளவென்று அவர் காட்டியபோது வாலேஸ் வியப்பெய்தினார். அன்றுமுதல் தாமும் வண்டு பிடிக்கத் தொடங்கினார். இருவரும் கூடி, தென்அமெரிக்கா சென்று அரிய உயிர்களைச் சேர்த்து விற்றுப் பிழைப்பதென்றும், உயிரினங்கள் தோன்றிய வகையை ஆராய்வதென்றும் துணிந்து 1848இல் கப்பலேறினர். செல்வர்கள் பலர் பொழுதுபோக்காகச் செய்த வேலையை இவ்விருவரும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. பறவைத்தோல் இத்துணை, வண்டு இத்துணை என்று லண்டனில் விற்றுத்தரும் முகவர் ஸ்டீவன்ஸ் அனுப்பும் பணமே அவர்கட்கு அடுத்த மாத உணவு.

அமேசான், ரியோ நீக்ரோ ஆறுகளில் வாலேஸ் நான்காண்டு உழைத்தார். துணைக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் மஞ்சட் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். மறு ஆண்டு வாலேஸ் நோயுடம்போடு ஊர் திரும்புகையில், 1852 ஆகஸ்டு 6ஆம் நாள் நடுக்கடலில் அவரேறிய ஹெலன் என்னும் கப்பல் தீப்பற்றியது. உயிருள்ள குரங்குகளும் கிளிகளும், இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட சேகரமும், குறிப்புப் புத்தகங்களிற் பெரும்பாலனவும் அவர் கண்ணெதிரே எரிந்தன. பத்து நாள் திறந்த படகில் வெயிலிற் கிடந்து, பின்னர் வேறொரு கப்பலாற் காப்பாற்றப்பட்டார். முகவர் ஸ்டீவன்ஸ் முன்யோசனையுடன் சேகரத்தை இன்ஷூர் செய்திருந்தமையால் அவர் முற்றும் ஓட்டாண்டியாகாமல் தப்பினார்.

இவ்விபத்தைப் பலரும் விரித்துரைப்பர். எமக்கோ, அதே ஆண்டின் இறுதியில் அவர் செய்த செயலே பெரிதாகத் தோன்றுகின்றது. கரையேறிச் சில மாதங்களுக்குள் அவர் லண்டன் விலங்கியற் சங்கத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதில், ஆற்றின் ஒரு கரையில் வாழுங் குரங்கு எதிர்க்கரையில் இல்லையென்றும், பேராறுகளே இனங்களுக்கு எல்லையாக நிற்கின்றனவென்றும் எடுத்துக் காட்டினார். அத்துடன் ஒரு குறையையும் வெளியிட்டார். காட்சிச்சாலைகளில் உள்ள பிராணிகளுக்கு அமேசான் என்றோ பிரேசில் என்றோ பொதுப்படச் சீட்டெழுதி ஒட்டுகின்றனர். ஆற்றின் வடகரையா தென்கரையா என்று எழுதாத சீட்டினால் பயன் இல்லை என்பது அக்குறையின் சாரம். அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர்க்கு ஓர் உயிர் யாது என்பதே கேள்வி. அது எங்கே உளது, எங்கே இல்லை என்பதும் அதே அளவு பெரிய கேள்வியென்று வற்புறுத்தியவர் இந்த ஏழைச் சேகரிப்பாளர்.

1854ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் சிங்கப்பூரில் வந்திறங்கினார். ஆண்டின் இறுதியில் போர்னியோவின் வடமேற்கிலுள்ள சரவாக் நாட்டுக்குச் சென்றார். அந்நாட்டை அப்போது ஜேம்ஸ் புரூக் என்னும் ஆங்கிலேயர் ராஜாவாயிருந்து ஆண்டு வந்தார். 1855 பிப்ரவரியில், மழையால் வெளியே செல்ல இயலாத நாட்களில், கடலோரத்து வீடொன்றில் அமர்ந்து வாலேஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வோர் இனமும் தன்னை ஒத்த மற்றோர் இனம் முன்னமே இருந்த இடத்தையும் காலத்தையும் அடுத்தே தோன்றியுள்ளது என்பது அதன் முடிபு. ஓர் இனத்தினின்று மற்றோர் இனம் கிளைத்ததென்னும் கருத்து அதனுள் அடங்கியிருந்தது. எவ்வாறு கிளைத்தது என்பதற்கு மட்டும் விடை பின்னர்க் கிடைக்க வேண்டியிருந்தது.

மார்ச்சு மாதம் அவர் சிமுஞ்சோன் என்னுமிடத்தை அடைந்தார். அங்கே நிலக்கரி எடுப்பதற்காகச் சீனத் தொழிலாளர் காடு வெட்டிக்கொண்டிருந்தனர். வெட்டுண்டு கிடந்த மரங்களில் வண்டுகள் பெருகியிருந்தன. பூச்சி ஒன்றுக்கு ஒரு காசு தருவதாக வாலேஸ் அறிவிக்கவே, தொழிலாளரும் டயாக்கரும் கொண்டுவந்து குவித்தனர். போர்னியோவில் அவர் திரட்டிய ஏறக்குறைய 2,000 வண்டு வகைகளில் நூறொழிந்த மற்றவையெல்லாம் இவ்விடத்தில் ஒரு சதுர மைல் அளவுள்ள நிலத்தில் அகப்பட்டவை.

இங்கேதான் சீனத் தொழிலாளர் ஒருவர் அந்தப் பெரிய மரத்தவளையைக் கொண்டுவந்து கொடுத்தார். உயர்ந்த மரத்தினின்று அது பறப்பதுபோலச் சாய்வாக இறங்கி வந்ததைத் தாம் நேரிற் கண்டதாக அவர் உறுதியாய்க் கூறினார். அப்பெயரறியா மனிதர் பார்த்த பார்வையும், பார்த்ததைத் தெளிவாகச் சொன்ன சொல்லுமே இத்தவளையின் வரலாற்றுக்கு முதற்சான்று. கூலிக்கு மரம் வெட்டும் ஒருவர் சொல்வதைக் கதையென்று தள்ளாமல் வாலேஸ் உடனே ஆராயப் புகுந்தார். விரல்களை விரித்துச் சவ்வை அளந்தார். நான்கு பாதங்களின் சவ்வும் சேர்ந்து ஏறக்குறைய பன்னிரண்டு சதுர அங்குலப் பரப்பாயிற்று. நான்கங்குல உடலுக்கு இஃது எத்துணைப் பெரிது! முன்கால்களின் ஓரத்திலும் சவ்வு இருந்தது. உடலையும் அது காற்றால் ஊதிப் பெருக்கவல்லது. வண்ணமிட்டு ஒரு படமும் எழுதி வைத்தார். அப்படம் இன்றும் உளது.

1869இல் வெளிவந்த மலாய்த் தீவுக்கூட்டம் என்னும் தமது நூலில் அவர் இத்தவளையைப் பற்றி எழுதியபோது அந்தத் தொழிலாளரின் பங்கை மறைத்தாரல்லர். அதனோடு ஒரு கருத்தையும் சேர்த்தார். தவளை விரலிடைச் சவ்வு நீந்துவதற்கென அமைந்தது. விரல் நுனியிலுள்ள தட்டுகள் மரத்தைப் பற்றி ஏறுவதற்கென அமைந்தன. அதே சவ்வு சிறிது சிறிதாக அகன்று, இங்கே காற்றில் மிதப்பதற்குக் கருவியாயிற்று. பழைய உறுப்பு புதிய தொழிலுக்கு வந்ததற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது. பிற்காலத்தில், 1990இல் வெளிவந்த ஒரு சோதனை, இத்தகைய பாதங்களும் கால்களை மடக்கி விரிக்கும் நிலையும் நெடுந்தூரம் செல்வதைக் காட்டிலும் காற்றில் திரும்பித் திசைமாறுவதற்கே மிகுதியும் உதவுகின்றன என்று காட்டியது. மரக்கிளைகளினூடே இறங்கும் பிராணிக்கு அதுவன்றோ முதலில் வேண்டுவது?

இனி, இதனை எந்த இனத்தோடு சேர்ப்பது என்பது. ஜாவாத் தவளை ஒன்றினை வைத்து 1822இல் கூல், வான் ஹாஸெல்ட் என்னும் இருவர் ராக்கோபோரஸ் என்னும் பேரினத்தை வகுத்திருந்தனர். தமது தவளை அப்பேரினத்தில் இதுவரை பெயரிடப்படாத புதிய இனமாக இருக்கலாமென்று வாலேஸ் சரியாகவே மதிப்பிட்டார். ஆனால் தாம் பெயரிடவில்லை. நாற்பதாண்டு கழித்து, 1895இல், லண்டன் பிரிட்டிஷ் காட்சிச்சாலையைச் சேர்ந்த பூலஞ்சர் என்பார் அதற்கு ராக்கோபோரஸ் நைக்ரோபால்மேட்டஸ் எனப் பெயரிட்டார். கரும் பாதத்தது என்பது இரண்டாஞ் சொல்லின் பொருள்.

இந்தப் பூலஞ்சரே 1882இல் வெளியிட்ட தவளைப் பட்டியலில் ராக்கோபோரஸை ஐரோப்பிய மரத்தவளைகளோடு சேர்க்காமல் சாதாரணக் குளத்துத் தவளைகளின் குடும்பத்தில் வைத்தவர். படிப்பவர்க்கு இது விந்தையாகத் தோன்றும். விரல் நுனியில் தட்டுடையன எல்லாம் ஒரு குலமாதல் வேண்டுமென்றே யாரும் எண்ணுவர். ஆனால் மார்பெலும்பைத் திறந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஐரோப்பிய மரத்தவளைக்கு மார்பின் இருபுறத்து எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஆசிய மரத்தவளைக்கோ குளத்துத் தவளைக்குப் போல நடுவில் இணைந்திருக்கும். ஆகவே விரல் தட்டு, மரத்தில் வாழ நேர்ந்த இரு வேறு குலத்தார் தனித்தனியே பெற்ற அணி. இக்காலத்தார் ஆசிய மரத்தவளைகளைத் தனிக் குடும்பமாகவே வகுத்துள்ளனர். 2019இல் ராக்கோபோரஸினின்று பல இனங்களைப் பிரித்து வேறு பேரினமும் அமைத்தனர். வாலேஸின் தவளையோ பழைய பேரினத்திலேயே நிற்கின்றது. அப்பேரினத்தின் கிளையொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. சென்னை ராஜதானியில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1870இல் மலபார் எனப் பெயரிட்ட பச்சைத் தவளையும், ஆனைமலையில் கண்டு 2000ஆம் ஆண்டில் தனியினமென்று பிரிக்கப்பட்ட அதன் உறவினதும் விரல் விரித்து மிதப்பனவே. மழைக்காலத்தில் நீர்நிலைமேல் தொங்கும் இலைகளில் நுரைக்கூடு கட்டி முட்டையிடுவதும், தலைப்பிரட்டைகள் அதினின்று நீரில் விழுவதும் போர்னியோவிற்கும் நம் மலைக்கும் பொது.

இத்தவளை வாழும் எல்லை யாது? தென் தாய்லாந்து, மலேயாத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ, இவ்வளவே. இந்நிலங்களுக்கிடையே உள்ள கடல் ஆழமற்றது. பனியூழிக் காலங்களில் கடல்நீர் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோது இவையெல்லாம் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன. உப்புநீர் தவளையின் மெல்லிய தோலுக்குப் பகை. ஆதலால் கடல் கடந்த இரு தீவுகளில் ஒரே காட்டுத்தவளை இருப்பின், அவை முன்னர் ஒன்றாயிருந்தன என்பதற்கு அதுவே வலிய சாட்சி. எனினும் நிலத்தொடர்பு ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஜாவாவும் அந்நிலத்தோடு இணைந்தே இருந்தது. அங்கே வாழ்வது இதன் இனமன்று, இதன் உறவினமே.

இத்தகைய எல்லைகளின் பெருமையை வாலேஸ் உணர்ந்தது தவளையினால் அன்று, பறவைகளினால். 1856 ஜூன் மாதம் பாலித் தீவினின்று லம்போக் தீவுக்குச் சென்றார். இடையிலுள்ள நீரிணை அகலம் குறைந்தது. ஒரு கரையிலிருந்து மற்றக் கரையின் மலையைக் காணலாம். பாலியில் குக்குறுவானும் மரங்கொத்தியுமாக ஆசியப் பறவைகளைக் கண்டவர், லம்போக்கில் வெண்கொண்டைக் கிளிகளையும், மண்மேடு குவித்து அதனுள் முட்டையிடும் ஆஸ்திரேலியக் கோழியினத்தையும் கண்டார். அகலம் சிறிதாயினும் அந்நீரிணை மிக ஆழமானது. கடல் தாழ்ந்த காலத்திலும் வற்றாதது. 1863இல் வெளிவந்த கட்டுரையின் படத்தில் அவர் பாலிக்கும் லம்போக்கிற்கும் இடையே தொடங்கி, போர்னியோவிற்கும் செலிபிஸிற்கும் நடுவே வடக்கு நோக்கி ஒரு கோடு வரைந்தார். 1868இல் ஹக்ஸ்லி அதனை வாலேஸ் கோடு என்றார். சங்கிலி பிடித்து வயல் அளந்த இளைஞர் ஒரு கண்டத்தின் உயிர்களுக்கே எல்லைக்கல் நாட்டினார் எனலாம்.

அவர் பெயர் பெற்ற தவளை அக்கோட்டின் மேற்கே நின்றுவிடுகின்றது. கிழக்கே வெகுதூரம் சென்று நியூகினியை அடைந்தால் அங்கும் பச்சை மரத்தவளைகள் உண்டு. விரல் தட்டும் உண்டு. ஆனால் அவை ஆஸ்திரேலியக் குலத்தன. கோட்டை ஒரு மதிலென்று கருதுதலும் தவறு. ஆசிய மரத்தவளைகளிற் சில செலிபிஸில் நிலைபெற்றுத் தனியினங்களாகியுள்ளன; வீட்டோரங்களில் வாழும் பழுப்புத் தவளையொன்று அதற்கு அப்பாலுள்ள தீவுகளையும் எட்டியுள்ளது. செலிபிஸ் எப்பக்கத்தது என்பதில் வாலேஸே ஐயுற்றிருந்து, 1910இல் அதனை ஆசியப் பக்கத்திற் சேர்த்துக் கோட்டை மாற்றினார். நாற்பதாண்டுக்கு மேல் தம் பெயரோடு வழங்கிய கோட்டைத் தாமே திருத்த அவர் கூசவில்லை.

1858இல் மலூக்குத் தீவுகளில் குளிர்காய்ச்சலுற்றுக் கிடந்தபோது, தகுதியுடையன பிழைத்துத் தகுதியற்றன மாய்தலால் இனங்கள் மாறுகின்றன என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். இருபதாண்டாக அதே எண்ணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டார்வின் திகைத்தார். நண்பர்கள் இருவர் எழுத்தையும் ஒருங்கே 1858 ஜூலை 1ஆம் நாள் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கச் செய்தனர். வாலேஸின் இசைவு கேட்கப்படவில்லை. கேட்க நேரமும் இல்லை. இதனை அநீதியென்பார் சிலர். வாலேஸோ மகிழ்ச்சியே கொண்டார். தம் நூலை டார்வினுக்கு உரிமையாக்கினார். 1889இல் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயர் வைத்தார்.

எட்டாண்டில் 14,000 மைல் அலைந்து 1862இல் அவர் ஊர் திரும்பினார். சேகரம் 125,660. அதில் வண்டு 83,200, பறவை 8,050, ஊர்வனவென்று அவர் எழுதியது 100 மட்டுமே. வண்டும் பறவையும் விலைபோயின, தவளையை வாங்குவாரில்லை. வாங்குவாரில்லாத ஒன்றை அவர் அளந்து வண்ணமிட்டு எழுதி வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1866இல் ஆனி மிட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். காட்சிச்சாலைப் பதவிகள் சிலவற்றை நாடியும் எதுவும் கைகூடவில்லை. சேர்த்த பணம் தவறான முதலீடுகளிற் கரைந்தது. பரீட்சைத்தாள் திருத்தியும் நூல்கள் எழுதியும் குடும்பம் நடத்தினார். 1876இல் விலங்குகளின் பூகோளப் பரவல் என்னும் இரு பெரும் பாகங்களும், 1880இல் தீவு வாழ்க்கை என்னும் நூலும் வெளிவந்தன. டார்வின் முயற்சியால் 1881இல் அரசாங்கம் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அளித்தது. மனிதனுடைய அறிவும் அறவுணர்வும் இயற்கைத் தேர்வு ஒன்றினாலேயே உண்டாயின என்பதை அவர் ஒப்பவில்லை. இதில் டார்வினோடு மாறுபட்டார். ஆவிகளோடு பேசுதலை நம்பியதும், அம்மை குத்துதலை எதிர்த்ததும் அவரிடம் யாம் கண்டு வருந்தும் குறைகள். நிலம் பொதுவுடைமையாதல் வேண்டுமென்று வாதாடியதை வறுமை கண்டவர் பேச்சென்றே கொள்கின்றோம்.

அவர் தீவுகளிற் பெற்ற துணைவர் இருவரைக் குறிப்பிடாமல் விடலாகாது. ஒருவர் இங்கிலாந்திலிருந்து உடன்வந்த சார்லஸ் ஆலன். 1856இல் அவர் பிரிந்து, சரவாக் கிறிஸ்தவ மிஷனில் பிஷப்பிடம் ஆசிரியப் பயிற்சி பெறத் தங்கினார். பின்னர் மீண்டும் வாலேஸுக்காகச் சேகரம் செய்தார். மற்றவர் அலி என்னும் மலாய் இளைஞர். சமையற்காரராய்ச் சேர்ந்து, பறவை சுடவும் தோலுரித்துப் பாடஞ்செய்யவும் கற்று, வாலேஸின் பறவைகளில் பெரும்பகுதியைத் தேடித்தந்தவர் அவர். வாலேஸ் நோயுற்ற நாட்களில் பேணியவரும் அவரே. பிரியும்போது வாலேஸ் அவருக்குப் பணமும் தம் துப்பாக்கிகளும் கொடுத்தார். 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பர் தெர்னாத்தே தீவிற்குச் சென்றபோது, முதியவர் ஒருவர் எதிர்வந்து தம் பெயர் அலி வாலேஸ் என்றார். அச்செய்தி கடிதமாக இங்கிலாந்து சென்று வாலேஸையும் அடைந்தது. மறு ஆண்டு அவருக்கு அரசர் ஆர்டர் ஆப் மெரிட் விருது அளித்தார். 1913 நவம்பர் 7ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் டார்ஸெட் நாட்டுப் பிராட்ஸ்டோன் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். அவ்வூர்க் கல்லறையில், அவர் உடல்மேல், பழங்காலத்து மரமொன்று கல்லாகிப்போன அடித்தண்டு நிறுத்தப்பட்டுள்ளது.